ஒரே ஃபேக்டரி, ஒரே மெட்டீரியல்... அப்போ தரமும் ஒன்றுதானா?

"பேர்தான் தம்பி வேற. ரெண்டும் ஒரே ஃபேக்டரி சரக்கு, ஒரே மெட்டீரியல். எதுக்கு நாலாயிரம் கொடுக்கணும்? இதை எண்ணூறுக்கு எடுத்துட்டுப் போ."

ஷூ கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டர் ஓடிப் பழகும் இளைஞர், மாவட்டத் தடகளப் போட்டிக்குப் போகும் மாணவி, மகனுக்கு முதல் ரன்னிங் ஷூ வாங்க வந்த அப்பா என எல்லோரிடமும் இது சொல்லப்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தப் பேச்சு இன்னும் எளிதாக எடுபடும். உலக பிராண்டின் காலணி உள்ளூர் சிப்காட்டிலேயே தயாராகும்போது, 'அங்கேயிருந்து வந்த சரக்கு' என்று சொன்னால் நம்பத்தானே தோன்றும்?

ஒரே ஆலை, ஒரே மூலப்பொருள் என்றால் தரமும் ஒன்றாகிவிடுமா? விரிவாகப் பார்ப்போம்.

பெரம்பலூர், அரியலூரில் என்ன நடக்கிறது?

தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணி மற்றும் தோல் பொருட்களுக்கான தனிக் கொள்கையை வெளியிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலைச் சுற்றியே இருந்த காலணித் தயாரிப்பு, தோல் அல்லாத ஷூக்கள் வழியாக வேறு மாவட்டங்களுக்கும் பரவத் தொடங்கியது. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் ஃபீனிக்ஸ் கோத்தாரி காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பர் 28-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில் அங்கே முதல் ஆலை திறக்கப்பட்டது. அமெரிக்காவின் 'கிராக்ஸ்' காலணிகள் தயாரிக்கும் ஆலை அது.

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் அருகே மகிமைபுரம் சிப்காட்டில், தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்தின் 1,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 நவம்பர் 15-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

ஒரே நிறுவனம் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறதா?

ஆமாம். கடைக்காரர் சொல்வதில் இந்தப் பாதி உண்மை. பெரிய விளையாட்டு ஷூ பிராண்டுகள் பெரும்பாலும் சொந்தமாக ஆலை நடத்துவதில்லை. வடிவமைப்பும் விளம்பரமும் அவர்களுடையது. ஷூவைச் செய்து கொடுப்பது ஒப்பந்த நிறுவனங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைக்கு வரும் தைவானின் பௌ சென் குழுமம் நைக்கி, அடிடாஸ், ஏசிக்ஸ் எனப் போட்டி பிராண்டுகள் பலவற்றுக்கும் ஷூ தயாரிக்கிறது. செய்யாறில் பல ஆண்டுகளாக இயங்கும் ஃபெங் டே குழுமத்தின் முக்கிய வாடிக்கையாளர் நைக்கி.

ஆனால் ஆலை தன் விருப்பத்துக்கு ஷூ செய்வதில்லை. எந்த நுரை, எவ்வளவு கடினம், எந்த ரப்பர், எந்தப் பசை, எத்தனை தையல், எந்தச் சோதனையில் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதையெல்லாம் பிராண்ட் எழுதிக் கொடுக்கிறது. தொழிலில் இதை 'ஸ்பெக்' என்பார்கள். எண்ணூறு ரூபாய் ஷூவுக்கு ஒரு ஸ்பெக், எட்டாயிரம் ரூபாய் ஷூவுக்கு வேறு ஸ்பெக். இரண்டும் ஒரே ஆலையில் தயாராகலாம்.

சிமென்ட் ஆலைகள் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள அரியலூர்க்காரர்களுக்கு வெளியே போக வேண்டியதில்லை. மாவட்டம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சுற்றிச் சுற்றி சிமென்ட் ஆலைகள். ஒரே சுரங்கத்துக் கல், ஒரே சூளையில் வெந்த கிளிங்கர். அதை எவ்வளவு நைசாக அரைக்கிறார்கள், கூட என்ன சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு மூட்டை 43 கிரேடு, இன்னொன்று 53 கிரேடு, மற்றொன்று நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. ஆகிறது. 43, 53 என்பது 28 நாட்களில் அந்த சிமென்ட் அடைய வேண்டிய குறைந்தபட்ச வலிமையை மெகாபாஸ்கலில் சொல்லும் எண். 'ஒரே சூளைதானே' என்று யாரும் 43-ஐ 53 என்று விற்க முடியாது. கிரேடு மூட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

விலை குறைந்தால் தரம் குறைந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2015-ல் தொடங்கிய அம்மா சிமென்ட் திட்டத்தில், அரசு தனியார் ஆலைகளிடம் வாங்கி மூட்டை 190 ரூபாய்க்கு விற்றது. வெளிக்கடை விலையைவிட அது மிகவும் குறைவு. அந்தக் குறைவுக்குக் காரணம் அரசின் திட்டமும் பேரமும்.

ஷூ விஷயத்தில் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஷூ பெட்டியில் 43, 53 என்று எந்த எண்ணும் கிடையாது. அதனால் வாங்குபவர் ஏதாவது ஓர் அடையாளத்தைத் தேடுகிறார். கிடைப்பது ஃபேக்டரி பெயர்.

'ஒரே மெட்டீரியல்' என்பதில் எங்கே வித்தியாசம் வருகிறது?

முதலில் நுரை. பெரும்பாலான ஷூக்களின் நடு சோல் இ.வி.ஏ. என்ற பாலிமர் நுரை. கிராக்ஸ் தன் காலணிக்குப் பயன்படுத்தும் 'கிராஸ்லைட்'டும் நுரை வகைதான். 2002-ல் அந்தக் காலணி படகில் போகிறவர்களுக்காக வழுக்காத செருப்பாகத்தான் சந்தைக்கு வந்தது. அதைச் செய்து கொடுத்த கனடா நாட்டு ஃபோம் கிரியேஷன்ஸ் நிறுவனத்தை 2004-ல் கிராக்ஸ் விலைக்கே வாங்கிவிட்டது. கலவையின் பக்குவம் தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இ.வி.ஏ. குருணையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதோடு நுரைக்க வைக்கும் பொருள், பிணைக்கும் பொருள், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பி ஆகியவற்றை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செலவைக் குறைக்க நிரப்பியைக் கூட்டினால் சோல் கனக்கும், சீக்கிரமே அமுங்கிப்போகும். கடையில் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். மாதக்கணக்கில் ஓடிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். இட்லி மாவு மாதிரிதான்: அரிசியும் உளுந்தும் எல்லா வீட்டிலும் ஒன்று, இட்லி ஒன்றாக வருவதில்லை.

இரண்டாவது பசை. மேல் பாகத்தையும் சோலையும் ஒட்டும் முன் பரப்பைச் சுத்தம் செய்து, பிரைமர் தடவி, சூட்டில் உலரவிட்டு, பசை போட்டு, அழுத்தியில் வைக்க வேண்டும். உலர்த்தும் நேரத்தைக் குறைத்தால் ஒரு ஷிஃப்டில் கூடுதல் ஜோடி கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் முன்பக்கம் வாயைப் பிளக்கும்.

மூன்றாவது, கழித்துக்கட்டுவது. தயாரான சரக்கில் மாதிரிகள் எடுத்து சோல் பிரிகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள், இயந்திரத்தில் வைத்து ஆயிரக்கணக்கான முறை மடக்குவார்கள். கண்டிப்பான பிராண்ட், குறைகள் அளவைத் தாண்டினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும். மலிவு ஆர்டர் கொடுப்பவர் அதே குறைகளோடு ஏற்றுக்கொள்வார். ஆலையும் ஆட்களும் மாறவில்லை. 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் மாறுகிறது.

மற்ற விளையாட்டுப் பொருட்களில்?

கதை அங்கேயும் இதுதான். மீரட், ஜலந்தர் பட்டறைகளில் செய்யும் கிரிக்கெட் மட்டைகளுக்கான இங்கிலீஷ் வில்லோ மரத்தில் பெரும்பங்கு இங்கிலாந்தின் ஜே.எஸ்.ரைட் அண்ட் சன்ஸ் நிறுவனத்திலிருந்து வருகிறது. ஒரே தோட்டத்து மரம்தான். ஆனாலும் ரேகை, முடிச்சு, நிறம் பார்த்துக் கட்டைகளைக் கிரேடு பிரிக்கிறார்கள். பிறகு பட்டறையில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பது பந்து எழும்புவதையும் மட்டையின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

'எக்ஸ்ட்ரா சரக்கு' என்று விற்பது?

'ஃபேக்டரியில் மிஞ்சியது', 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று சொல்லி விற்பவற்றில் மூன்று வகை இருக்கலாம். முதலாவது, சோதனையில் தேறாத 'பி கிரேடு'. இரண்டாவது, அனுமதியில்லாமல் கூடுதலாகத் தயாரித்தது. 1990-களின் இறுதியில் நியூ பேலன்ஸ் நிறுவனத்துக்குச் சீனாவில் ஷூ செய்து கொடுத்த ஒப்பந்ததாரரே, அந்த பிராண்டின் பெயரில் அனுமதியின்றி ஷூ தயாரித்து விற்றது பெரிய வழக்கானது. மூன்றாவது, அந்த ஆலைப் பக்கமே போகாத போலி. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

முதல் இரண்டும் உண்மையிலேயே அதே ஆலைச் சரக்கு. ஆனால் வாங்குபவருக்கு அதனால் உறுதி எதுவும் இல்லை. சோல் பிரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அப்போ விலை அதிகம் என்றால் நல்ல ஷூவா?

அப்படியும் சொல்ல முடியாது. நாலாயிரம் ரூபாயில் விளம்பரம், கடை லாபம், வடிவமைப்புச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறது. வரியும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடிக்கு 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். நடுத்தர விலையில் நம்பகமான பிராண்ட் தரும் ஷூ, தினசரி ஓட்டத்துக்குப் போதுமானதாகவே இருக்கும். பந்தயத்துக்கென்று செய்யும் விலை உயர்ந்த ஷூக்களில் எடை குறைவுக்காக ஆயுளையே விட்டுக்கொடுப்பதும் உண்டு.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

* ஐ.எஸ்.ஐ. முத்திரை: ரப்பர், பாலிமர் காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. விளையாட்டு ஷூவுக்கான தர அளவு ஐ.எஸ். 15844. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இது பாஸ் மார்க் மாதிரிதான்; முதல் மதிப்பெண் எடுத்த ஷூ எது என்று சொல்லாது.
* தயாரித்த மாதம், ஆண்டு: பாலியூரித்தேன் சோல் ஈரப்பதத்தில் நாளாக நாளாக உதிரும். பெட்டியில் சும்மா இருந்தாலும் உதிரும். பழைய ஸ்டாக் தள்ளுபடியில் வரும்போது கவனம் தேவை.
* மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில்தான் ஷூவும் மடங்க வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம்.
* மேசையில் வையுங்கள்: இரண்டு ஷூவும் ஒரே மாதிரி நேராக நிற்க வேண்டும். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ சோதனையில் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.
* பில்: பில் தராத கடையில் 'ஒரே ஃபேக்டரி' என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை.

இந்த மாவட்டங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆலை வந்தால் வேலை வரும். ஆனால் மேலே சொன்ன வித்தியாசங்களை உண்டாக்கும் வேலைகளைக் கவனித்தால் இன்னொரு கேள்வி எழும். கலவை விகிதம் தீர்மானிப்பது, அச்சு வடிவமைப்பது, சோதனைக்கூடம் நடத்துவது ஆகியவைதான் ஷூவின் தரத்தையும் சம்பளத்தையும் உயர்த்துபவை. அவை வெளிநாட்டிலேயே இருந்து, ஒட்டுவதும் தைப்பதும் மட்டும் எறையூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் வந்தால், நாளைக்குக் கூலி குறைவான இன்னொரு ஊருக்கு ஆர்டர் நகர்வதைத் தடுக்க எதுவும் இருக்காது. இந்த ஊர்களின் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் ஆய்வுக்கூட வேலைகளுக்கும் போகிறார்களா என்பதை வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டும்.

இப்போதைக்கு, கடையில் 'ஒரே ஃபேக்டரி சரக்குதான்' என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. "சரிண்ணே, ஐ.எஸ்.ஐ. நம்பர் காட்டுங்க, பில் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் போதும்.