'பாசிட்டிவ்' என்பது தீர்ப்பு அல்ல

கருவுற்று 10 வாரம் கடந்ததும் தாயின் ரத்தத்தை எடுத்து, கருவின் குரோமோசோம்களில் கோளாறு இருக்கக்கூடுமா என்று கணிக்கும் சோதனை, பெருநகரங்களைத் தாண்டிச் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. ரத்தம் கொடுப்பவர் வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியாக இருக்கலாம்; நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண்ணாக இருக்கலாம். பல ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகு கைக்கு வருவது ஆங்கிலத்தில் ஒரு தாள். அதில் 'பாசிட்டிவ்' என்றிருந்தால் அன்றே வீடு இழவு வீடாகிவிடுகிறது.

ஆனால் அது கணிப்பு மட்டுமே. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நச்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை வைத்துச் சொல்லப்படுவது. டவுன் நோய்க்குறிக்கு இக்கணிப்பு பெரும்பாலும் பொருந்துகிறது. அரிய கோளாறுகளில் கணக்கே வேறு. 4,000 கருவில் ஒன்றுக்கு வரும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் ஒருவருக்கு மட்டுமே பிழையாகச் சொல்லும் சோதனை என்றாலும், அந்த 4,000 பேரில் 4 பேருக்குப் பொய்யாக 'பாசிட்டிவ்' வரும். மெய்யாகக் கோளாறு இருப்பதோ ஒரு கருவுக்குத்தான். அரிய கோளாறுகளுக்கான 5 சோதனைகளை ஆராய்ந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு, அவற்றின் 'பாசிட்டிவ்' முடிவுகளில் சுமார் 85 விழுக்காடு தவறு என்று 2022 சனவரியில் எழுதியது. இந்த முடிவை மட்டும் நம்பிக் கருவைக் கலைத்தவர்கள் உண்டு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதே ஆண்டு ஏப்ரலில் எச்சரித்தது.

உறுதிசெய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். வசதியுள்ள வீடு மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொள்ளும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடு என்ன செய்யும்?

இதற்குள்ளும் சாதி நுழைகிறது. சாதி மறுப்பு மணம் செய்தவர் என்றால், "சாதி விட்டுக் கட்டியதன் பலன்" என்று சொல்ல உறவுக்கூட்டம் காத்திருக்கிறது. இது பச்சைப் பொய். குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். சாதிக்கு அதில் வேலையில்லை. மாறாக, தாய்மாமன், அத்தை மகன் என நெருங்கிய உறவுக்குள்ளேயே கட்டும்போதுதான் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது. வழக்கமான இந்த ரத்தச் சோதனை அவற்றைக் காட்டுவதுமில்லை!

1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதித்ததோடு நிற்கவில்லை. கருவறி சோதனையின் விளைவுகளைக் கருவுற்ற பெண்ணுக்கு விளக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும், அதன் நகலை அவரிடமே தர வேண்டும் என்றும் சொல்கிறது. கையெழுத்து வாங்குவதை மட்டும் விளக்கம் என்று ஏற்க முடியாது.

2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் மரபியல் ஆலோசனையும் உறுதிச் சோதனையும் எந்தப் பெண்ணுக்கும் கட்டணமின்றி, தமிழில், காலத்தோடு கிடைக்க வேண்டும். பெறுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. மாமியாரோ, சாதிச்சனமோ, சோதனைக்கூடமோ அவருக்காக முடிவெடுக்கக் கூடாது. உண்மை முழுவதையும் அறிந்து முடிவெடுப்பது பணம் படைத்தவர்களின் சலுகை அல்ல. எல்லாப் பெண்களின் உரிமை.