எண் மட்டும் போதுமா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியோர்கள். ஒரு சிறு சோதனை செய்யப்போய் இந்த முதுமொழியின் பொருளை உணர்ந்தவன் நான்.

கணினித் திரையில் நாம் காணும் காட்சிகளைக் கணித்துத் தருவது கிராபிக்ஸ் கார்டு. கடும் வேலை கொடுத்தால் அது கடுமையாகச் சூடேறும். அதனுடன் வரும் கூலர் போதாதென்று கருதுவோர், தனியே விற்கும் பெரிய கூலரை வாங்கிப் பொருத்துவதுண்டு. நானும் சென்ற டிசம்பரில், என் பழைய கார்டுக்கு அப்படி ஒன்றைப் பொருத்தினேன். மே மாதத்தில் 88 டிகிரி செல்சியஸ் காட்டிய கார்டு, இப்போது 65 காட்டியது. 23 டிகிரி குறைவு! விடுதி முழுவதும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என் சொல்லை நம்பி நண்பர் ஒருவரும் தம் கார்டுக்கு அதே கூலரை வாங்கிவிட்டார்.

பிறகுதான் ஐயம் பிறந்தது. மே மாத நடுப்பகலில் என் அறையின் வெப்பம் 36 டிகிரி. டிசம்பர் இரவில் 27. இந்த 9 டிகிரியைக் குறைத்தது கூலரா? இல்லை, மார்கழி! மேலும், சில்லுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் பழைய கூலரில் காய்ந்து கிடந்தது. புதிய கூலருக்குப் புதிய பேஸ்ட் பூசினேன். ஆகவே பழைய கூலரையே மீண்டும் மாட்டி, அதற்கும் புதிய பேஸ்ட் பூசி, அதே 27 டிகிரி அறையில், பெட்டியை மூடி, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதே வேலையை அரை மணி நேரம் கொடுத்துப் பார்த்தேன். வெப்பம் 73 டிகிரி. அப்படியானால் கூலரின் உண்மையான பங்கு 8 டிகிரி மட்டுமே. 9 அறையுடையது, 6 பேஸ்டுடையது.

இன்னும் நுட்பமான ஏமாற்றமும் உண்டு. 2013 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரேடியான் ஆர்9 290எக்ஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். அது 95 டிகிரி வரை சூடேறி இயங்கும்படி அமைக்கப்பட்டது. அந்த எல்லையைத் தொட்டதும், மேலும் சூடேறாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதில் வேறொரு கூலரைப் பொருத்தி வெப்பத்தை மட்டும் ஒப்பிடுவது, நூறு படி ஏறியவனின் வியர்வையையும் எண்பது படி ஏறியவனின் வியர்வையையும் ஒப்பிடுவது போலாகும். எந்த வேகத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

சில்லின் வெப்பம் ஒன்றே முழுக் கதையுமன்று. கார்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களும் சூடேறுகின்றன. புதிய கூலரின் காற்று அவற்றைச் சரிவர எட்டாவிட்டால், சில்லு குளிர்ந்திருக்க, அவை வெந்துகொண்டிருக்கும். நாம் பார்க்கும் எண் அதைச் சொல்லாது.

கூலர் வீண் என்பது என் வாதமன்று. அந்த 8 டிகிரி மெய்தான். இரைச்சல் குறைந்ததும் மெய்தான். ஆனால் எந்தச் சூழலில் அளந்தோம் என்பதை மறைத்துவிட்டுச் சொல்லும் எண், பாதிப் பொய் என்பதே என் கருத்து.

இது கணினிக்கு மட்டும் உரிய பாடமா? நம் ஆய்வகப் பதிவேடுகளைச் சற்றுப் புரட்டுங்கள். வரவேண்டிய விடையை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அளவீடுகளைப் பின்னால் நிரப்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் அவர்களில் ஒருவனே. விடை பிழைத்தால் மதிப்பெண் குறையுமே என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். பிழைத்த விடையை உள்ளபடி எழுதி, பிழைக்குக் காரணமும் தேடிய மாணவனுக்கு ஆசிரியப் பெருமக்கள் முழு மதிப்பெண் வழங்கினால், இந்த நோய் பாதி தீரும் என்று பணிவோடு கூறுவேன்.

நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். "பேஸ்டை மட்டும் மாத்திப் பார்த்திருக்கலாமேடா!" என்றார். அவர் செலவழித்த பணத்தைத் திருப்பித் தர எனக்கு வசதியில்லை. இனி என் வாயிலிருந்து ஓர் எண் வந்தால், அது பிறந்த சூழலும் உடன் வரும் என்று வாக்களித்திருக்கிறேன். அந்த வாக்கை நாம் எல்லோருமே ஏற்கலாமே, நண்பர்களே!