ஏற்றிவிட்டால் போதுமா?

“எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம், இனி அழிவில்லை” என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பங்குகளிலும் பெருமிதத்துடன் ஒலிக்கிறது. பழைய பதிவேடுகளையும் விழா மலர்களையும் இடத்தை அடைக்கும் குப்பையெனக் கருதி எடைக்குப் போடவும் சிலர் துணிந்துவிட்டனர். இத்துணிவு அறிவுடைமையாகுமா? ஆகாது என்பதே நம் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு, மன்னர் வில்லியத்தின் ஆணைப்படி நிலபுலங்கள் கணக்கெடுக்கப்பட்டு ‘டூம்ஸ்டே’ ஏடு எழுதப்பட்டது. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு ‘டூம்ஸ்டே’ தொகுப்பை உருவாக்கியது. பள்ளிச் சிறுவர் உட்படப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். தம் ஊரைப் பற்றி அவர்கள் எழுதியவையும் எடுத்த படங்களும் லேசர் வட்டுகளில் பதிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன! பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளை லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2002-இல் அவற்றை மீண்டும் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. தொள்ளாயிரம் ஆண்டு கடந்த தோலேடோ, எந்தக் கருவியின் துணையுமின்றி இலத்தீன் அறிந்தார் கண்ணுக்கு இன்றும் புலனாகிறது.

நம் நிலை என்ன? 1990-களில் நம் அச்சகங்கள் வெவ்வேறு தமிழ் எழுத்துருக்களைக் கையாண்டன. அவற்றுள் பல, ஒன்றோடொன்று ஒவ்வாத குறியீட்டு முறைகளைக் கொண்டவை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற உரோமக் குறிகளே சிதறிக் கிடக்கின்றன. பெட்டி இருக்கிறது, திறவுகோல் தொலைந்துவிட்டது. நெகிழ்வட்டில் சேமித்தவற்றின் கதி இன்னும் பரிதாபம். அதைச் செருகும் வாய்கூட இன்றைய கணினிகளில் இல்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் படிக்கத்தக்க நிலையில் இருக்க, நேற்றைய விழா மலரின் கணினிக் கோப்பு ஊமையாகிக் கிடப்பது நமக்கு இழுக்கல்லவா?

“காகிதத்தைக் கரையான் அரிக்காதோ?” என்று கேட்பர். அரிக்கும், ஓலையையும் அரித்தது. அதையறிந்தே நம் முன்னோர், சிதையும் ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்பட்டவை வாழ்ந்தன, புறக்கணிக்கப்பட்டவை மறைந்தன. ஆகவே நாம் கணினியை வெறுக்கவில்லை. பெயர்த்தெழுதும் கடமையை மறந்த நம் சோம்பலையே கண்டிக்கிறோம்.

பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவோம். ஒரே இடத்தை நம்பாமல் வெவ்வேறு இடங்களில் படிகளை வைப்போம். ஆண்டுதோறும் அவற்றைத் திறந்து பார்க்கவும், கருவிகள் மாறும்போது புதியவற்றுக்குப் பெயர்க்கவும் வேண்டிய பொறுப்பை இன்னாரிடம் எனப் பெயர் குறித்து ஒப்படைப்போம். மூல ஏட்டின்மீது மட்டும் கைவைக்காதிருப்போம்.

சேமிப்பது ஒருநாள் வேலை. காப்பதோ தலைமுறைகளின் கடமை. அதைத் தட்டிக்கழித்துவிட்டு, நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது கருவியின்மேல் பழி போட நமக்கு உரிமை இல்லை.