சான்று இல்லையா, தேடவில்லையா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு ரிட்டுக்சிமாப் கொடுப்பது பொறுப்பற்ற செயல், அதற்கு முழுமையான சான்று கிடையாது என்கிறார் நண்பர். சரி, ஏன் கிடையாது?

2008இல் வெளியான ஹெர்மிஸ் ஆய்வில் 104 நோயாளிகள். ரிட்டுக்சிமாப் பெற்றவர்களின் மூளையில் அழற்சிப் புண்கள் வெகுவாகக் குறைந்தன. அடுத்து, விட்டுவிட்டுத் தாக்கும் வகைக்கு மூன்றாம் கட்டச் சோதனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காப்புரிமை முடியும் தறுவாயிலிருந்த மருந்து ஓரங்கட்டப்பட்டது; அதே பி செல்களை அதே சிடி20 வழியாகத் தாக்கும் ஒக்ரெலிசுமாபுக்கு ரோஷ் குழுமம் பெரிய சோதனைகளை நடத்தியது. 2017இல் அமெரிக்க அனுமதி கிடைத்தபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 65,000 டாலர். சோதிக்காமல் விட்டுவிட்டு, 'சோதிக்கப்படாதது' என்று முத்திரை குத்துவது நல்ல கெட்டிக்காரத்தனம்!

ஸ்வீடன் காத்திருக்கவில்லை. அங்கே நடந்த ரிஃபண்ட்-எம்எஸ் சோதனையின் முடிவு 2022இல் வந்தது: டைமெத்தில் ஃபியூமரேட் எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது, ரிட்டுக்சிமாப் குழுவில் 3 சதவீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனமும் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்தாக அதைப் பட்டியலில் சேர்த்தது. இவ்விரண்டும் நண்பர் கண்ணில் படவில்லை போலும்.

தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகையில் ரிட்டுக்சிமாப் சோதனை இலக்கை எட்டவில்லை, ஒக்ரெலிசுமாப் எட்டியது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வாதம் அதுவல்லவே. பழைய மருந்தை ஆராய அரசுப் பணம் எதற்கு என்கிறார். கம்பெனிக்கு லாபமில்லாத கேள்வியை வேறு எந்தப் பணம் கேட்கும்? இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் மோதவிடும் சோதனையை டென்மார்க்கில் தொடங்கியதும் மருத்துவர்கள்தான், கம்பெனி அல்ல.