வேடரிடம் வாழப் போகும் நண்பர்களுக்கு

அண்மையில் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு விவாதம் மூண்டது. பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்துள்ள இளம் ஆசிரியர் ஒருவர், சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு ஆறு மாதம் தம்பானைக்குச் சென்று வேடர்களோடு வாழப் போவதாக அறிவித்தார். அவர்கள் உண்பதை உண்டு, உறங்குமிடத்தில் உறங்கி, அவர்தம் வாழ்க்கை முறையைக் கற்றுவந்து நூலொன்று எழுதுவது அவருடைய நோக்கம். "நாகரிகம் தீண்டாத மனிதன் அழிந்து போகுமுன் அவனை ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா, மாஸ்டர்?" என்று என்னை வினவினார். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் தாமும் உடன் வருவதாக அங்கேயே கூறிவிட்டனர்.

அந்த நண்பரின் நெஞ்சில் வஞ்சகமில்லை. 'காட்டு மனிதனிடம் கற்க என்ன இருக்கிறது?' என்று கேட்டுச் சிரித்த மூத்த ஆசிரியரைக் காட்டிலும் அவர் எத்தனையோ படி உயர்ந்தவர். ஆயினும் அவருடைய வினாவிலே மூன்று தொடர்கள் என்னை உறுத்தின: 'நாகரிகம் தீண்டாத', 'அழிந்து போகுமுன்', 'பார்த்துவிட'. இம்மூன்றையும் எடுத்து ஆராய்தல் அவருக்கு மட்டுமன்றி, படித்தவர் என்று பெயரெடுத்த நம் அனைவருக்கும் வேண்டியதொன்றாகும்.

நாகரிகம் தீண்டாத மனிதனை எங்கே காண்பது? செலிக்மன் என்னும் ஆங்கில மானிடவியலாளர் தம் மனைவி பிரெண்டாவுடன் 1907-08ஆம் ஆண்டுகளில் இலங்கைக் காடுகளில் வேடரைத் தேடி அலைந்தார். அவர்கள் எழுதி 1911இல் வெளியான நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. வெளியார் தொடர்பு படாத வேடரைக் காண்பது அன்றே அவர்களுக்கு அரிதாயிற்று. தனிகலைக் குன்றில் வாழ்ந்தோர், வெள்ளையர் வருவதறிந்தால் வழக்கமாக உடுக்கும் துணியைக் களைந்துவிட்டுப் பழங்காலக் கோவணத்தோடு காட்சி தந்த செய்தியையும் அவர்கள் குறித்துள்ளனர். காண வந்தவன் எதைக் காண விரும்பினானோ அதையே அம்மக்கள் காட்டினர். நூறாண்டுக்கு முன்பே நிலைமை இதுவென்றால், இன்று நம் நண்பர் ஆறு மாதத்தில் கண்டுவரப் போவது எதனை?

நாகரிகம் அவர்களைத் தீண்டாமல் விட்டதா? 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டம் அவர்கள் வேட்டையாடித் திரிந்த நிலங்களை நீரில் மூழ்கடித்தது. பின்னர் மகாவலித் திட்டம் வந்தது. 1983இல் மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அன்றோடு, தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்த மரத்திலே தேனெடுப்பவன் குற்றவாளியானான். பல குடும்பங்கள் ஹெனானிகலை போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. வில்லேந்திய கையிலே மண்வெட்டி திணிக்கப்பட்டது. 1998இல் காலமான தலைவர் திசாஹாமியும் சில குடும்பத்தினரும் தம்பானையை விட்டு அகல மறுத்து நின்றனர். நண்பர் தங்கப் போகும் தம்பானை, அந்த மறுப்பினால் எஞ்சிய தம்பானை. அங்கே சென்று 'தீண்டப்படாத மனிதன்' என்று எழுதுவோமாயின், தீண்டிய கையை நாமே மறைத்தவர்களாவோம்.

அடுத்தது, 'அழிந்து போகுமுன்'. பழுத்த இலை உதிர்வதுபோல ஓர் இனம் தானே அழியுமா? குடிசன மதிப்புக் கணக்கைப் பாருங்கள். 1946இல் வேடர் என்று எண்ணப்பட்டவர் ஏறத்தாழ 2,400 பேர். 1953இல் அத்தொகை ஏறத்தாழ 800. ஏழே ஆண்டுகளில் மூன்றில் இரு பங்கினர் மாண்டனரா? அப்படியொரு பெருஞ்சாவு நிகழ்ந்ததாக எவரும் கூறவில்லை. கணக்கெழுதும் பேனாவிலே அவர்கள் வேறு இனத்தவராயினர். இந்த வித்தை மலையகத்தாராகிய நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இங்கே ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் ஒரே பேனா வீச்சில் நாடற்றவராயினர். அக்கொடுமை சட்ட அளவில் முடிவுற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவனுக்கு நாடில்லை. காட்டிலே வாழ்ந்தவனுக்குக் காடில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

அவர்கள் அழிந்துவிடவும் இல்லை. 1996இல் ஊருவரிகே வன்னில அத்தோ ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகள் தொடர்பான அமர்விலே தம் மக்களின் உரிமையைப் பேசினார். 'வன்னியல எத்தோ', அதாவது வனத்து மக்கள், என்றே தம்மை அவர்கள் அழைத்துக்கொள்கின்றனர். உலக அரங்கிலே வழக்குரைக்கும் ஒரு சமுதாயத்தைப் பார்த்து, 'நீ சாகுமுன் உன்னைக் குறித்துக்கொள்கிறேன்' என்று சொல்லுவது அறிவுமன்று, அன்புமன்று.

மூன்றாவது 'பார்த்துவிட'. பார்வை எத்தனை கொடியதாகலாம் என்பதற்கு எடின்பரோ பல்கலைக்கழகமே சான்று. வேடரின் மண்டையோடுகள் ஒன்பதை அது நூறாண்டுக்கு மேலாகத் தன் சேகரத்தில் வைத்திருந்து, 2019 நவம்பரிலேதான் அம்மக்களின் தலைவரிடம் கையளித்தது. அவற்றைக் கொண்டு போனவர்களும் அறிவின் பெயராலேயே கொண்டு போயினர். உடனுறைந்து கற்றல் என்னும் முறைக்கு ஆசானாகப் போற்றப்படும் மலினோவ்ஸ்கி, முதலாம் உலகப் போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் தங்கி எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்தபின் 1967இல் அச்சாயிற்று. பகலில் அம்மக்களின் வாழ்வை நுணுகி ஆராய்ந்தவர், இரவில் அவர்கள்மீது வெறுப்பைக் கொட்டி எழுதியிருந்ததை உலகம் கண்டது. ஒரே கூடாரத்தில் வாழ்வதால் மட்டும் நெஞ்சங்கள் நெருங்கிவிடுவதில்லை.

பார்க்கப்படுவதன் வலியைத் திம்புள்ளையில் வாழும் நாம் நன்கறிவோம். தலவாக்கலை வீதியிலே வாகனத்தை நிறுத்தி, கூடையோடு மலையேறும் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படமெடுப்போர் எத்தனை பேர்! அப்படத்திலே பச்சைப் பசேலென்று தேயிலை தெரியும். கொழுந்து நிறுக்கும் தராசு தெரியாது. ஒழுகும் லயம் தெரியாது. படம் எங்கே போயிற்று என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

அப்படியாயின் பிறர் வாழ்வைக் கற்கவே கூடாதா? கற்க வேண்டும். எப்படிக் கற்பதென்பதற்கு முன்மாதிரி நம் மலைகளிலேயே உண்டு. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது குற்றம். அந்நாளிலே தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர், புடைவை வியாபாரியைப்போலத் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் புகுந்தார். தொழிலாளி வாழும் வாழ்வை அவனுடைய வாசலிலே நின்று அறிந்தார். அறிந்ததை அருங்காட்சியகத்துக்கா கொண்டு போனார்? பத்திரிகையில் எழுதினார், 1931இல் அட்டனிலே தொழிற்சங்கம் அமைத்தார், 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபையில் முழங்கினார். மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயத்து மக்களின் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். அந்தக் கைதான் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்திலும் உயர்ந்தது. இவர்களும் குறிப்பெடுத்தவர்களே. ஆனால் எவரிடமிருந்து குறிப்பெடுத்தார்களோ அவர்களுடைய வழக்குக்கே அதைச் சாட்சியாக்கினர். வேறுபாடு முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

இனி என்னைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். பிறரைக் கடிந்துவிட்டு நான் மட்டும் ஒதுங்குதல் முறையன்று. மட்டக்களப்புக்கு வடக்கே பிறந்தவன் நான். வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். கடலில் மீன் பிடித்தும் காட்டிலே தேனெடுத்தும் சேனை செய்தும் பிழைப்பவர்கள். அவர்களில் ஒருவர் ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவருவார். படலைக்கு வெளியேதான் நிற்பார். அவருடைய பெயரை என் தந்தையாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. 2004இல் ஆழிப்பேரலையும், அதன்பின் 2006-07இல் போரும் வாகரையைச் சிதறடித்தபோது அவர் என்னவானார் என்று விசாரிக்க எனக்கு ஒரு பெயர் இல்லாமற் போயிற்று. பின்னர் பல்கலைக்கழகத்தில் குறிஞ்சித் திணையைச் சிறப்பாகப் பயின்று பட்டம் பெற்றேன். இன்று வகுப்பறையிலே கண்ணப்பரின் அன்பை உருகி உருகிப் படிப்பிக்கிறேன். குழப்படி செய்யும் மாணவனைக் 'காட்டான்' என்று திட்டியும் இருக்கிறேன்.

இந்த மலைக்கு வந்து ஏழாண்டுகள் ஆகின்றன. என் மாணவர்களின் லயத்துக்குள் முதன்முறையாக நான் காலடி வைத்தது நான்காம் ஆண்டிலே, அதுவும் ஒரு சாவீட்டுக்கு. பத்தடிக் காம்பராவில் எட்டுப் பேர் வாழ்வதையும், மாணவி அடுப்படி வெளிச்சத்திலே பாடம் படிப்பதையும் கண்டபின்புதான், வீட்டுவேலை செய்யாததற்காக அவளை நான் எத்தனை நாள் வெளியே நிறுத்தினேன் என்பது நினைவுக்கு வந்தது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்லுவது இதுதான். தம்பானைக்குச் செல்லுங்கள், தடுக்க நான் யார்? ஆனால் புறப்படுமுன் பாடசாலைக்குக் கீழேயுள்ள லயத்துக்கு ஒருமுறை இறங்கிச் செல்லுங்கள். தம்பானைக்குப் போனால், 'நான் வரலாமா?' என்று முதலில் கேளுங்கள்; வேண்டாமென்றால் திரும்பி வாருங்கள். அனுமதித்தால், காட்டைப் பற்றி அவர்கள் அறிந்ததைக் கற்பதோடு, அந்தக் காடு எந்த வர்த்தமானி அறிவித்தலால் கைவிட்டுப் போயிற்று என்பதையும் கற்றுவாருங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நூல் வெளிவந்தபின், வேட்டைக்கும் தேனுக்கும் தம் காட்டிலே நுழையும் உரிமையை அவர்கள் கேட்கும்போது, அந்த மனுவிலே உங்கள் கையொப்பமும் இருக்கட்டும். அவ்வாறு செய்ய மனமில்லையெனில், ஆறு மாதம் அவர்களுடைய உணவிலே பங்கு கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

உடன் செல்வதாகச் சொன்ன மாணவர் இருவரும் லயத்துப் பிள்ளைகள். விவாதம் முடிந்ததும் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், எங்கட லயத்துக்கும் யாராவது வந்து ஆறு மாசம் இருப்பாங்களா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்டானா, ஆசையாகக் கேட்டானா என்று என்னால் உணர முடியவில்லை. இரண்டில் எதுவானாலும், பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.