கதை வகுப்பும் வாய்ப்பூட்டும்

கதை படிக்கும் வகுப்பிலே கதையைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு? உபாத்தியாயர் ஒருவருக்கே உண்டு என்பதாக நம்மவரிற் பலர் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர் கூறுவார், மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையில் அதனையே திருப்பி எழுதுவர், மதிப்பெண் வந்து சேரும். இதற்கு இலக்கியப் படிப்பு என்று பெயர்! இவ்வழக்கம் ஒழியவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். நாம் படித்ததெல்லாம் சிங்கப்பூரில், ஆங்கிலத்தில். ஆங்கில இலக்கிய வகுப்பில் வாரந்தோறும் ஒரு மாணவர் எழுந்து நாவலின் ஓர் அத்தியாயத்தை விளக்குவார், மற்றவர் மறுப்பர், ஆசிரியர் கடைசி வரிசையில் அமர்ந்து, பேச்சு வழிதவறும்போது மாத்திரம் ஒரு கேள்வி போடுவார். மணி அடித்ததும் அடுத்த அறையில் தமிழ் வகுப்பு. அங்கே ஒரு சிறுகதையில், மகளின் படிப்பை நிறுத்தி மகனைப் படிக்கவைத்த தாயைத் தியாகத்தின் திருவுருவம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நாமும் எழுதிக்கொண்டோம். அந்தப் பெண்ணை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மனத்தில் எழுந்த கேள்வியை நாம் கேட்கவில்லை. சற்று முன்பு வேறொரு மொழியில் வாதாடிய அதே நாக்கு, தாய்மொழியில் ஒட்டிக்கொண்டது. அந்த வெட்கம் இன்றும் நம்மை விட்டகன்றபாடில்லை.

சிறுபிள்ளை இட்ட வேளாண்மை விளைந்தும் வீடு வந்து சேராது என்று சிலர் சொல்லக்கூடும். இலக்கணமும் மரபும் அறியாத மாணவர் கையில் வகுப்பை ஒப்படைத்தால் கதை என்னாவது என்று அவர் அஞ்சுகின்றனர். அவர்களுக்கு நாம் விடை சொல்லவேண்டியதில்லை. நம் சரித்திரமே சொல்லும்.

இவ்வட்டாரத்தின் முதற் சிறுகதை என்று நா. கோவிந்தசாமி எடுத்துக்காட்டியது, 1888இல் சிங்கை நேசனில் மகதூம் சாயபு எழுதிய 'வினோத சம்பாஷணை'. பெயரே சம்பாஷணை! பேச்சிற் பிறந்த கதையை மௌனத்தில் அடக்கம் செய்வது என்ன நியாயம்? 1950இல் கோலாலம்பூர் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். வாசகர் கதை எழுதி அனுப்பினர். குறை நிறைகள் பத்திரிகையிலேயே பேசப்பட்டன. 1952இல் சிங்கப்பூர்த் தமிழ் முரசில் இரசனை வகுப்பு நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பகுதி தோன்றியதோ 1956இல்தான். ஆகவே, பட்ட வகுப்பு வருமுன்னரே, பட்டம் பெறாத சாமானியர் கதையை அலசி ஆராயக் கற்றுக்கொண்டனர். பின்னர் 1977இல் நா. கோவிந்தசாமி தொடங்கிய இலக்கியக் களம் சிறுகதைகளைக் கூடியிருந்து விவாதிக்கும் வழக்கத்தை வளர்த்தது. பத்திரிகை வாசகரை நம்பிய சமூகம், கல்லூரி மாணவரை நம்பலாகாதா?

நிற்க, மாணவர் பேசுவதெல்லாம் பேச்சாகிவிடாது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. சென்ற மாதம் சிராங்கூன் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் நான்கு கல்லூரி மாணவர், மறுநாள் வகுப்பிற் செய்யவேண்டிய படைப்பை ஒத்திகை பார்த்தனர். கணினித் திரையில் வண்ணப் படங்கள் பல இருந்தன. கதாசிரியரின் பிறந்த ஊர் இருந்தது. கதையின் நீதி ஐந்து வரியில் இருந்தது. "கதை எப்படி முடிகிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்! உபாத்தியாயர் குறிப்பைச் சொல்வதற்குப் பதிலாக மாணவர் குறிப்பைச் சொல்வது சீர்திருத்தமாகாது. பூட்டு அதுவே, சாவி மாத்திரம் கைமாறிற்று. ஆயினும் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணே நாம் தேடும் மாணவி. அவளிடம் வகுப்பை ஒப்படைக்கவேண்டும்.

நாம் கோருவது மூன்றே. பேச எழுபவர் கதையை முழுவதும் படித்திருக்கவேண்டும். தாம் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் கதைக்குள்ளிருந்தே சாட்சி காட்டவேண்டும். மறுத்துப் பேச ஒருவருக்கேனும் நேரம் ஒதுக்கவேண்டும். ஆசிரியருக்கு இதில் வேலை குறையாது, கூடும். நன்றாகக் கேட்பது, சொல்லிக்கொடுப்பதினும் கடினமன்றோ?

சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் போதனாமொழி. கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளைக்குத் தமிழிற் சிந்திக்கக் கிடைப்பது அந்த ஒரு வகுப்பு நேரமே. அதிலும் வாயை மூடு என்றால், தமிழ் என்பது கீழ்ப்படியும் மொழி, கேள்வி கேட்பதற்கு வேறு மொழி உண்டு என்றே அப்பிள்ளை முடிவு செய்யும். பரீட்சை முடிந்த மறுநாள் புத்தகத்தைக் கட்டி வைக்கும். பிறகு தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்கி என்ன பயன்?

ஆசிரியத் தோழர்களே! அடுத்த வகுப்பில் ஒரே ஒரு கதைக்கு நீங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள்.