கப்பலில் வர வேண்டிய மின்சாரம்



போன கிழமை கத்தாரிலிருந்து ஒரு பழைய மாணவன் அழைத்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது எரிவாயுத் துறையில் வேலை. கெரவலப்பிட்டியில் இரண்டாவதாகக் கட்ட நினைக்கும் 350 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்துக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் என்று நான் போட்ட சின்னக் குறிப்பைப் பார்த்திருக்கிறான். "டீச்சர், நீங்களே இப்பிடி எழுதலாமா? இருட்டில இருந்து படிச்ச பிள்ளையளை நீங்கள்தானே கண்டனீங்கள்?" என்று கேட்டான். கோபமில்லை, வருத்தம்தான். தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கண்டனான்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. என் தங்கையின் பேத்தி குப்பி விளக்கில் கணக்குச் செய்தாள். அந்த விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கவும் வரிசை. ஆனால் அன்றைக்கு ஏன் இருண்டது என்பதை மறந்துவிட்டோம். மின் நிலையம் இல்லாமலா? களனிதிஸ்ஸவில் இயந்திரங்கள் இருந்தன, எண்ணெய் இல்லை. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. அடுப்பு இருந்தது, அரிசி இல்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு அடுப்பு வாங்கித் தருகிறோம் என்றால் நான் என்ன சொல்ல?

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பகலில் கூரை சூரியகலங்களால் மின்சாரம் மிஞ்சுகிறது. பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் தட்டுப்பாடு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் கூட்டிக் குறைக்க முடியாது. எரிவாயுச் சுழலியைச் சீக்கிரம் முடுக்கலாம். எரிக்கும்போது வரும் கரியமிலவாயுவும் நிலக்கரியின் பாதியளவுதான். (2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதற்குக் குரங்கை மட்டும் குறை சொல்ல ஏலாது. மின்கட்டமைப்பு அவ்வளவு தளர்ந்திருந்தது.)

சிக்கல் வாயு வரும் வழியில். வகுப்பில் படித்தது ஞாபகமிருக்கும்: இயற்கை வாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர்த்தினால் திரவமாகி, கனவளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படித்தான் கப்பலில் வரும். வந்த பிறகு அதை இறக்க முனையம் வேண்டும், திரும்ப வாயுவாக்க வேண்டும், குழாய் வேண்டும். எங்களிடம் அந்த முனையம் இன்னும் இல்லை. 2016இல் விலைமனு கோரிய சோபாதனவி நிலையத்தின் முதற்கட்டம் 2024 ஆகஸ்டில் திறந்தது, அதுவும் திரவ எரிபொருளில். எரிவாயு நிலையம் என்று பெயர், வாயு இல்லை. பக்கத்து யுகதனவியும் ஒருநாள் வாயுவுக்கு மாறும் என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் எண்ணெயில் ஓடியது. மன்னார்க் கடலில் 2011இல் வாயு கண்டுபிடித்ததைச் சொல்லி ஆறுதல்படுவோரும் உண்டு. அது இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் ஒப்பந்தத்தில். இந்த வியாபாரத்தில் நீண்டகால ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: இவ்வளவு வாயு எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. எங்கள் நாடோ மழையை நம்பிய நாடு. நல்ல மழை பெய்து கொத்மலையும் விக்டோரியாவும் நிரம்பிய வருடம், தண்ணீரில் மலிவாக மின்சாரம் எடுக்கலாம். அப்போதும் கப்பலுக்குக் காசு கட்ட வேண்டும், டொலரில். ஒப்பந்தமே இல்லாமல் அன்றன்றைய சந்தையில் வாங்கலாமே என்றால், பங்களாதேஷைப் பாருங்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா கூடிய விலைக்கு வாங்கத் தொடங்க, 2022 ஜூலையில் அவர்கள் அந்தக் கொள்முதலை நிறுத்தினார்கள். ஊர் ஊராக மின்வெட்டு. அவர்களுக்கு முனையமும் இருந்தது, நிலையங்களும் இருந்தன.

2021இல் யுகதனவியின் 40 வீதப் பங்கையும் வாயு வழங்கும் உரிமையையும் அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்குக் கொடுக்கக் கையெழுத்திட்டபோது, அரசின் அமைச்சர்கள் மூவரே நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள். அமைச்சரவையில் இருந்தவர்களுக்கே திருப்தியில்லை என்றால், கரண்ட் பில் கட்டுகிற எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். சோபாதனவிக்கு வாயு எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு, மழை வருடத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்பதை வெளியிட்ட பிறகு இரண்டாவதைப் பேசட்டும். அதற்கிடையில் பின்னேரத் தேவைக்கு பற்றரிகளையும், மஹா ஓயாவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவாட் நீரேற்று மின் நிலையத்தையும் முன்னுக்கு எடுக்கட்டும். அவையும் இலவசமில்லை, கடன்தான். ஆனால் கட்டி முடித்த பிறகு மாதா மாதம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கத்தார்த் தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். அந்த "எடுக்காவிட்டாலும் காசு" நிபந்தனையில் வழமையாக எத்தனை வீதம் வரை விட்டுக்கொடுப்பார்கள் என்று கீழே எழுது. நான் பிழை என்றால் திருத்து. வெள்ளிக்கிழமை கண் கிளினிக், அதனால் பதில் போடக் கொஞ்சம் சுணங்கும்.